தானாகப் பட்ட மரங்கள்

ரெட்டியார்பாளையம் சாலையில் நின்ற ஏழு புளியமரங்களை நாம்தான் கொன்றோம், மச்சான். நீ போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று மத்தியானம் மருமகள் ரசத்துக்குப் பெருங்காயக் கட்டியை உடைத்தாள். வாசனை கூடத்துக்கு வந்தது. இலையை மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

மில்லில் உனக்கு வேலை போன வருஷம் அது. சாரம் பகுதியில் என் விறகு வாடி பாதி காலியாகக் கிடந்தது. ரொட்டிக்கடை அடுப்புகளோ நாள் தவறாமல் கேட்டன. சாலையோரத்துப் பச்சை மரத்தைச் சர்க்காரில் வெட்ட விடமாட்டார்கள். பட்ட மரம் என்றால் ஏலம் விடுவார்கள். ஏலத்துக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. ஆகவே மரம் பட வேண்டும், அவ்வளவுதான். யோசனை என்னுடையது, கை உன்னுடையது. சாலையில் போகிறவர் கண்ணுக்குப் படாத பக்கமாகத் துரப்பணத்தால் ஒரு துளை, உள்ளே பெருங்காயக் கரைசல், மேலே களிமண் அடைப்பு. அடுத்த கோடைக்குள் மரம் மொட்டையாகிவிடும்.

பார்வையிட வரும் மராமத்து மேஸ்திரி, "தானா பட்டுதா?" என்று கேட்பார். "தானாதாங்க, வயசாயிடிச்சி இல்ல?" என்பேன். அவர் தலை மறைந்ததும் நீ, பிரெஞ்சு துரையைக் கூப்பிடுவதுபோல், "முசியே, மரத்துக்கெல்லாம் வயசு சொல்றியே, உன்னுத எப்ப சொல்லப்போற?" என்று சிரிப்பாய்.

அந்தச் சிரிப்பு ஏழாவது மரத்தோடு நின்றது. அதன் அடியில் ஒருத்தி இஸ்திரி வண்டி போட்டிருந்தாள். இலை பழுத்துவிட்டதா என்று பார்க்கப் போனோம். அடிமரத்தைச் சுற்றி அவள் பாத்தி கட்டியிருந்தாள். மண் ஈரமாக இருந்தது.

"ஏங்க, நீங்க மரம் தெரிஞ்சவங்கதானே? இன்னா சீக்குன்னு பாருங்களேன். பத்து நாளா கொழாத்தண்ணிய சுமந்து ஊத்தறேன், தேறவே மாட்டேங்குது."

நீ மரத்தின்மேல் கை வைத்து நின்றாய். அந்த அடைப்பு உன் உள்ளங்கைக்கு அடியில்தான் இருந்தது. நான்தான், "வெயிலும்மா. தானா பட்டுப்போவுது" என்றேன்.

"அப்ப ரெண்டு கொடமா ஊத்தறேன்" என்றாள்.

வாடிக்குத் திரும்பியதும் துரப்பணத்தை ஆணியில் மாட்டினாய். "மாப்ளே, இனிமே இத்தத் தொடமாட்டேன்."

"சோத்துக்கு இன்னா பண்ணுவ?"

"மில்லு மூடனப்ப செத்தா பூட்டேன்?" என்று சொல்லி, வாடி நடுவில் நின்ற வேம்பைக் காட்டினாய். "இத்தயாவது வுட்டு வை. நாம கை வெக்காத மரம் ஒண்ணு இருக்கட்டும்."

விட்டுவைத்தேன். உனக்காக என்று சொன்னால் பொய். எடை போட வருகிறவர்கள் நிற்க நிழல் வேண்டியிருந்தது. நீ விலகிய பிறகு வேறு ஆளை வைத்து இன்னும் நாலு மரம் எடுத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். இன்று அந்தச் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் விளக்குக் கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் நான் தலையைத் திருப்பிக்கொள்கிறேன். இஸ்திரிக்காரி எங்கே போனாளோ, தெரியவில்லை.

வீடுகளுக்கு கேஸ் வந்துவிட்டது, ரொட்டிக்கடைக்காரர்களும் டீசல் அடுப்புக்கு மாறுகிறார்கள். வாடியை விற்கிறேன். வாங்க வந்தவர் கடைகள் கட்டப் போகிறாராம். வேம்பை அண்ணாந்து பார்த்தார்.

"இது போச்சின்னா ரெண்டு கடை கூட வரும்."

"மரம் நிக்கணும். சம்மதம்னா பேசுவோம்."

"நிக்கட்டுங்க, எனக்கென்ன. ஆனா பெரியவரே, நாளைக்கித் தானா பட்டுப்போச்சின்னா நான் இன்னா பண்றது?"

அந்த முகத்தை எனக்குத் தெரியும் மச்சான். அந்த முகத்தோடுதான் இத்தனை வருஷம் நான் ஏலத்தில் நின்றேன். மரம் நிற்கணும் என்று பத்திரத்தில் எழுதினால் மட்டும் அது பிழைக்காது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? உன் துரப்பணம் இன்னும் அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே விலையைச் சொன்னேன். அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

மனை நாற்பதாயிரம். கையில் முப்பது. மீதி பத்துக்கு ஐந்து வருஷம் கெடு. கெடு முடிகிற அன்று வேம்பு தழைத்து நின்றால் அந்தப் பத்தில் ஒரு காசும் தர வேண்டாம். பட்டிருந்தால், தானாகவே பட்டிருந்தாலும், பத்தாயிரத்தையும் எண்ணி வைக்க வேண்டும்.