எட்டு மில்லிமீட்டர்

பச்சையம்மாவுக்கு,

தீர ஆலோசித்து, இன்று காலை காலண்டரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டுவதென்று முடிவெடுத்தேன். மகளின் பிரசவத்துக்காக நீ பொன்னேரியில் இருப்பதால் உன் ஒப்புதலைப் பெற முடியவில்லை.

மாசியில் என் மலக்குடலிலிருந்து எட்டு மில்லிமீட்டர் கட்டி ஒன்றை எடுத்தார்களே. "சின்னதுதான். ஆனா நிணநீர்க் குழாய்ல பூந்திருக்கு. ஸ்கேனுக்கு வந்துடுங்க" என்றார் டாக்டர். "நம்ம எறா வலையிலகூட நிக்காது சார், பூடும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

காலண்டரில் அவர் வரச் சொன்ன தேதிக்கு இரண்டு வட்டம். ஒன்று ஸ்கேன். இன்னொன்று ஏரியில் வலை போட நமக்கு முறை வரும் நாள், நம் பாடு. ஸ்கேன் எடுத்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். எடுக்கவில்லை. ஏரிக்குப் போனேன்.

நேற்றுதான் ஸ்கேன் எடுத்தேன். இரண்டு நிணநீர்க் கணுக்களில் பரவியிருக்கிறதாம். வலிக்கவே இல்லையே என்று வாதாடினேன். பிறகு, கேண்டீன் எங்கே என்று டாக்டரிடமே கேட்டேன். பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கேண்டீன் டீ டம்ளர் என் கையில் இருந்தது. வெள்ளிக்கிழமை வைத்தியத்துக்குப் போகும்போது திருப்பித் தர வேண்டும்.

பிள்ளை பிறக்கும்வரை மகளிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

பி.கு.: வெள்ளிக்கிழமை நம் பாடு. எனக்குப் பதில் உன் தம்பி வலை போடுகிறான்.