காத்திருப்பு நேரம்: முப்பது நொடி

நாள் 211, 08:10

செம்மேட்டு அஞ்சல் நிலையம், செவ்வாய்க் கோள். பதிபவர்: எஸ்தர் பாக்கியம், சர்வர் பொறியாளர். பணியில் நான் ஒருத்தி மட்டும்.

சர்வர் நலம். குடியிருப்புக்கும் வெளியே போன வண்டிகளுக்கும் நடுவில் மலை இருப்பதால் எல்லாப் பேச்சும் இதன் வழியாகத்தான் போக வேண்டும். போர்ட்டுகள், இணைப்பு எண்ணிக்கை, காத்திருப்பு நேரம் எல்லாம் மூலக் கோப்பில் உள்ளபடியே இருக்கின்றன. இரண்டு மணிக்கொரு முறை ஒத்திசைவு ஸ்கிரிப்ட் தானாக ஓடி, எது மாறியிருந்தாலும் மூலக் கோப்பின்படி திருத்திவிடுகிறது.

பூமி சூரியனுக்கு அப்பால் மறைந்துவிட்டது. இன்னும் பதினோரு நாள் அங்கிருந்து ஒரு சொல்லும் வராது. காபித்தூள் தீர்ந்தது.

நாள் 212, 10:40

புழுதிப் புயல். அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வண்டி மாட்டிக்கொண்டது. ஓட்டுநர் ஆவுடையப்பன், நிலவியலாளர் ஷாஹிதா. கேமராக்கள் குருடாகிவிட்டன. புயலில் குடியிருப்பிலிருந்து யாரும் கிளம்ப முடியாது; மேலே சுற்றும் செயற்கைக்கோளின் ரேடார் படத்தைப் பார்த்து நான்தான் இங்கே வர வழி சொல்ல வேண்டும்.

புழுதியில் அவர்கள் செய்தி துண்டு துண்டாக வருகிறது. ஒன்று முழுதாக வந்து சேரத் தொண்ணூறு நொடி ஆகிறது. சர்வரோ முப்பது நொடி பார்த்துவிட்டு இணைப்பை அறுத்துவிடுகிறது.

11:15

இங்குள்ள சர்வரின் கான்ஃபிக் கோப்பில் காத்திருப்பு நேரம் 30 என்பதை 180 ஆக்கினேன். மாற்றத்தை ஏற்றும் ஸ்கிரிப்டை ஓட்டினேன். இணைப்பு அறுபடாமல் நின்றது.

வண்டியிலிருந்து: “அக்கா, இப்பதான் முழுசாக் கேக்கு! முன்னால வெறும் செவப்புதான். நீங்க சொல்லுத பக்கம் திருப்புதேன். லைன மட்டும் விட்ராதீங்க.”

12:04

லைன் போனது. ஒத்திசைவு ஸ்கிரிப்ட் தன் வேலையைச் செய்துவிட்டது. மறுபடி முப்பது.

மூலக் கோப்பைத் திருத்தும் சாவி பூமியில். ஒத்திசைவை நிறுத்தவும் அதே சாவி. என் மாற்றத்தைத் தானாக ஓடும்படி வைக்கவும் அதே. என்னிடம் இருப்பது கைரேகை. ஒவ்வொரு முறையும் நானே எழுதி, விரல் வைத்து ஓட்ட வேண்டும்.

மாற்றினேன். 180. இணைப்பு அறுந்தால் வண்டியை நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறேன்.

நாள் 213, 16:02

மாற்றினேன். 180.

இரண்டு மணிக்கொரு முறை இரண்டு நிமிடம் போதும். வேலை அவ்வளவுதான். ஆனால் நடுவில் வழியும் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டி மணிக்கு முக்கால் கிலோமீட்டர் ஊர்கிறது.

நாள் 214, 10:03

மாற்றினேன். முதலில் 810 என்று அடித்துவிட்டேன். திருத்தினேன்.

வண்டியிலிருந்து: “அக்கா, குரலே சரியில்லயே. செத்த நேரம் படுங்க. நாங்க நின்னுக்கிடுதோம்.”

பின்னாலேயே ஷாஹிதா: “நிக்க முடியாது எஸ்தர். மூச்சுக் காத்து கணக்காத்தான் இருக்கு. ஒங்ககிட்ட இதக் கேக்கவே கஷ்டமா இருக்கு, ஆனா முழிச்சிருங்க. ப்ளீஸ்.”

முழித்திருப்பேன் என்றேன்.

18:02

180. நின்றுகொண்டே அடிக்கிறேன். உட்கார்ந்தால் கண் செருகுகிறது. ஆவுடையப்பன் தன் மகள் முதன்முதலில் சைக்கிள் ஓட்டிய கதையைச் சொன்னான். நான் தூங்கக் கூடாதென்று சொன்னான். பாதிதான் கேட்டேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நாள் 215, 12:03

மாற்றினேன்

இன்னும் ஆறு கிலோமீட்டர். எட்டு மணி நேரம். காற்று பதினான்கு மணி நேரத்துக்கு இருக்கிறது. வந்துவிடுவார்கள்.

13:05

அடுத்த ஒரு கிலோமீட்டர் நேர்த் தரை, திருப்பம் இல்லை. வண்டிக்குச் சொல்லிவிட்டேன். அலாரம் 13:50க்கு. நாற்பத்தைந்து நிமிடம். நாற்காலியிலேயே.

19:20

விழித்தேன்.

அலாரம் அடித்திருக்கிறது. 13:50க்கு அணைக்கப்பட்டதாகப் பதிவு. கைரேகை என்னுடையது. எனக்கு நினைவில்லை.

14:00, 16:00, 18:00. மூன்று முறை ஒத்திசைவு. காத்திருப்பு நேரம்: முப்பது நொடி.

19:26

180 ஆக்கினேன். கூப்பிட்டேன். பதில் இல்லை.

வண்டி இருநூற்றுப் பன்னிரண்டு முறை முயன்றிருக்கிறது. ஒவ்வொரு செய்தியிலும் முதல் முப்பது நொடிக்கு வந்ததை மட்டும் சர்வர் வைத்திருக்கிறது. சிலவற்றை இங்கே எடுத்து எழுதுகிறேன்.

14:05. “அக்கா, லைன் போயிட்டு. நின்னுட்டோம். நீங்க மாத்துன”

15:30. “தூங்கிட்டீயளாக்கா. பரவால்ல, எந்திரிச்சதும் ஒரு”

16:52, ஷாஹிதா. “காத்து ஒம்போது மணி நேரந்தான். இதுக்கு மேல நின்னா போய்ச் சேர முடியாது. நாங்களா ஓட்டி”

17:41. “எஸ்தரக்கா, முன்னால தரை”

அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

20:02

மாற்றினேன். 180. கூப்பிட்டேன்.

ரேடார் படத்தில் அவர்கள் நின்ற இடம் காலி. வண்டி தெரியவில்லை. அங்கிருந்து ஐந்நூறு மீட்டர் முன்னால் ஒரு பிளவு இருக்கிறது. விழித்திருந்தால் இடது பக்கம் திருப்பச் சொல்லியிருப்பேன்.

22:02

மாற்றினேன். 180. கூப்பிட்டேன்.

நாள் 216, 08:02

மாற்றினேன். கூப்பிட்டேன். காற்று தீர்ந்து ஆறு மணி நேரம். தூக்கம் வரவில்லை.

10:02

மாற்றினேன். நூற்று எண்பது. கைரேகை ஏற்கப்பட்டது. போர்ட் திறந்திருக்கிறது.

ஆவுடையப்பா, இடது பக்கம். இடது பக்கம் திருப்பு