ஒரு சைஸ் சின்ன ஷூ

பிப்ரவரி 11
மகளைக் கட்டிக்கொடுத்து ஒரு மாதம். ஞாயிற்றுக்கிழமை என்று மருமகனோடு சாப்பிட வந்தாள். பெரிய மீன் துண்டு அவர் தட்டுக்குப் போயிற்று. இத்தனை வருடம் அது என் தட்டில்தான் விழும். எனக்கு வால் துண்டு. வாலுக்குக் கண் கிடையாது. இருந்திருந்தால் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கும்.

மருமகனுக்கு லேபில் வேலை. ஊசி குத்தி ரத்தம் எடுப்பார், மிஷினில் ஏற்றுவார், என்ன இருக்கிறது என்று பார்ப்பார். என் வீட்டுக்காரி போன வாரம் சர்க்கரை பார்க்க அவரிடம் கை நீட்டிவிட்டு வந்தாள். “மாப்பிள்ளை கை பூ மாதிரிங்க. குத்துனதே தெரியல.”

எனக்குத்தான் குத்தியது.

இன்னும் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட வாய் வரவில்லை. ‘வாங்க’, ‘சாப்பிடுங்க’ என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த நோட்டில் அவருக்குப் பெயர் ஊசி.

பிப்ரவரி 24
பாப்பா கடைக்கு வந்தாள். என்னைப் பார்க்க வந்தாள் என்று நினைத்து மேஜையைத் துடைத்து வைத்தேன்.

“அவருக்கு ஒரு நல்ல ஷூ வேணும்பா. நாள் முழுக்க நின்னே வேலை. அளவு கொடுக்க வரச் சொல்லட்டுமா?”

“எதுக்கு? நான் பார்த்த கால்தானே?”

பெருமைக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராமல் இந்த ஷூ கடைக்கு வந்தவன். ஆனால் ஆள் வாசலில் கால் வைக்கும்போதே சைஸ் சொல்லிவிடுவேன். முதலாளிகூட அதில் மட்டும் என்னோடு பந்தயம் கட்ட மாட்டார். ஊசிக்கு ஒன்பதரை. சந்தேகமே இல்லை.

எட்டரையை எடுத்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன்.

கை தவறிவிட்டது என்று எழுதலாமா என்று யோசித்தேன். சொந்த நோட்டுக்கே பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

மார்ச் 3
படியேறும்போது ஊசி லேசாக நொண்டினார். “ஷூ எப்படி இருக்கு?” என்றேன்.

“சூப்பரா இருக்கு மாமா.”

பெரிய துண்டு இந்த வாரமும் அவருக்குத்தான். நொண்டிக்கொண்டே போய்ச் சாப்பிட்டார். நான் நினைத்த அளவுக்குச் சந்தோஷமாக இல்லை.

மார்ச் 19
ஷூ கம்பெனிக்காரர்கள் கொள்ளையடிக்கிறார்கள். என் கல்யாணத்தில் நான் போட்டது எட்டு. பிறகு எட்டரை, போன வருடம் ஒன்பதரை, இப்போது பத்து. பத்தும் பிடிக்கிறது. சுண்டுவிரல் பக்கம் பிளேடால் கீறிவிட்டுத்தான் போட்டுக்கொள்கிறேன்.

“முதலாளி, பெட்டியில பத்துன்னு போட்டுட்டு உள்ள ஒன்பதைத் தைக்கிறாங்க. தோலை மிச்சம் பிடிக்கிறாங்க.”

“வர்ற கஸ்டமர் ஒருத்தரும் சொல்லலையே. உனக்குன்னு தனியா தைக்கிறானா?”

இருக்கலாம். என் ராசி அப்படி.

ஏப்ரல் 7
ஊசி இன்று என் வாசலிலேயே நின்றுவிட்டார். கழற்றி வைத்திருந்த என் ஷூவை உற்றுப் பார்த்தார். பிறகு என் காலை. பிறகு சுவரில் இருக்கும் எங்கள் கல்யாண போட்டோவை. பிறகு மறுபடி என் முகத்தை. பொண்ணு பார்க்க வந்தபோதுகூட இப்படிப் பார்க்கவில்லை.

“மாமா, அப்ப என்ன சைஸ் போட்டீங்க?”

“எட்டு.”

“இப்ப?”

“பத்து. எல்லாம் கம்பெனிக்காரன் திருட்டு.”

அவர் சிரிக்கவில்லை. மோதிரம் எங்கே என்றார். விரலில் ஏறவில்லை, பீரோவில் கிடக்கிறது. தலைவலி உண்டா, குறட்டை உண்டா, பல் நடுவில் இடைவெளி முன்பே உண்டா? நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாவற்றுக்கும் என் வீட்டுக்காரி பதில் சொன்னாள். குறட்டைக்கு நடித்தே காட்டினாள்.

“நான் டாக்டர் இல்ல மாமா, தப்பா இருந்தாலும் இருக்கும். ஆனா ஹார்மோன் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுவோம். ரத்தம் பார்த்தா தெரிஞ்சுடும்.”

“நல்லா இருக்கிறவன் ரத்தத்தை எதுக்குப் பார்க்கணும்?” என்று எழுந்து போய்விட்டேன்.

ஆளைப் பார்த்தே நோயைச் சொல்ல இவர் யார்? சரி, ஆளைப் பார்த்தே சைஸ் சொல்ல நான் மட்டும் யார்?

ஏப்ரல் 9
கண்ணாடியில் பல்லைப் பார்த்தேன். சீப்பு மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 20
கடையில் இடது பக்கம் அடுக்கியிருந்த பெட்டிகளைத் தட்டிவிட்டேன். இந்த வாரத்தில் இரண்டாம் தடவை. அங்கே பெட்டி இருந்ததே தெரியவில்லை. முதலாளி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். திட்டியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

சாயங்காலம் பாப்பா போன் செய்தாள். “அவர் சொன்னா கேக்க மாட்டே. நான் சொன்னா?”

அந்த ‘நான் சொன்னா’வுக்காகப் போகிறேன். வேறு எதற்காகவும் இல்லை.

ஏப்ரல் 24
ஹார்மோன் டாக்டர் ஒரு அம்மா. பொறுமையாகச் சொன்னார். வளரும் வயதில் நம்மை வளர்க்கிற ஹார்மோன் ஒன்று எனக்கு இந்த வயதிலும் நிற்காமல் சுரக்கிறதோ என்று சந்தேகமாம். அது மணிக்கொரு தரம் ஏறி இறங்குமாம். அதனால் அதன் பேச்சைக் கேட்டு ஈரல் சுரக்கிற இன்னொன்றை ரத்தத்தில் பார்ப்பார்களாம். அது நிலையாக இருக்குமாம். எனக்குப் புரிந்தது: முதலாளி மூடு மாறிக்கொண்டே இருக்கும், கணக்குப்பிள்ளையைக் கேட்டால் நிலவரம் தெரியும்.

ரத்தம் எடுத்தது ஊசி. குத்தியதே தெரியவில்லை. அதுதான் எரிச்சல்.

என் ரத்தம் இருந்த குழாயை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்திருந்தார். பாப்பா பிறந்தபோது நர்ஸ் கையிலிருந்து வாங்கி நான் அவளை அப்படித்தான் பிடித்திருந்தேன். ரத்த சொந்தம் நான். ரத்தம் அவர் கையில்.

மே 3
ரத்த முடிவு வந்தது. கணக்குப்பிள்ளை ஹார்மோன் என் வயதுக்காரனுக்கு இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு இருக்கிறதாம்.

உறுதி செய்ய இன்னொரு சோதனை. தித்திக்கத் தித்திக்கச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு, விட்டு விட்டு ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை உள்ளே போனால் அந்த வளர்க்கிற ஹார்மோன் இறங்கிவிட வேண்டும். என்னுடையது என்ன கொடுத்தாலும் இறங்கவில்லை. இந்தப் பிடிவாதம் என் அப்பா வழி.

மே 10
ஸ்கேன் வந்துவிட்டது. மூளைக்கு அடியில் ஒரு சின்னச் சுரப்பியாம், அதில் கட்டி. புற்று இல்லை என்றார் டாக்டரம்மா. ஆனால் கண் நரம்பை அழுத்துகிறது. அப்படியே விட்டால் பார்வை போகும். பக்கவாட்டில் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறதாம். பெட்டி தெரியாதது அதனால்தான்.

எடுத்துவிட்டால் கண் தேறலாம். வளர்ந்த எலும்பு திரும்பாது.

வாசலில் பாப்பா அழுதாள். ஊசியின் தோளில். கட்டி எனக்குத்தானே? நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன் — அந்தப் பக்கம் ஏன் சாயணும்? சின்னதுல முட்டி சிராய்ச்சா தெருக்கோடியிலிருந்து ஓடி வருவா, வேற யார் தூக்கினாலும் விடமாட்டா. என் தோளுக்கு என்ன கேடு? முன்னைவிடப் பெரிசாத்தானே ஆயிருக்கு?

கம்பெனிக்காரர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மே 26
பாப்பாவும் ஊசியும் வந்தார்கள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பெரிய துண்டு சட்டியிலேயே கிடந்தது. அவருக்கும் போடவில்லை, எனக்கும் போடவில்லை. இதற்கா ஆசைப்பட்டேன்?

ஜூன் 12
நாளை ஆபரேஷன். மூக்கு வழியாகப் போவார்களாம். மூக்கும்தான் பெரிதாகியிருக்கிறது, அவர்களுக்கு வசதி.

கண் போய்விட்டால் கடையில் நான் யார்?

ஜூன் 16
எழுத முடிகிறது. படுக்கைக்கு இடது பக்கம் தண்ணீர் டம்ளர் இருந்தது. தலையைத் திருப்பாமலே பார்த்தேன். நான்கு தடவை பார்த்தேன், குடிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை ரத்தத்தில் அந்த ஹார்மோன் நன்றாக இறங்கியிருந்ததாம். “நல்ல அறிகுறி,” என்றார் டாக்டரம்மா. “இவ்வளவு இறங்கினவங்களுக்கு மறுபடி வர்ற வாய்ப்பு கம்மி. ஆனா மூணு மாசம் கழிச்சு எடுக்கிற ரத்தம்தான் முடிவு சொல்லும்.”

இங்கே ரத்தம் எடுக்கிறவர் வேறு ஆள். கையில் கடப்பாரை இறக்கினார். எனக்கு ஊசியின் ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 29
வீக்கம் வடிந்து மோதிரம் விரல் முட்டி வரை போகிறது. சோப்பு போட்டால் தாண்டும். தாண்டினால் திரும்புமா என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 14
மூன்று மாத ரத்தம் கொடுத்தேன். எடுத்தது ஊசி.  ஒரே இடத்தை மூன்று தடவை பஞ்சால் துடைத்தார். முதல் தடவையாகக் குத்தியது தெரிந்தது.

செப்டம்பர் 18
கடைக்குள் பாப்பா ஓடி வந்தாள். கஸ்டமர் ஒருவர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார், அவரைத் தள்ளாத குறை.

“நார்மல்பா. உன் வயசுக்கு என்ன இருக்கணுமோ அதேதான்.”

என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இந்தத் தோளில்தான். கஸ்டமர் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

பிறகுதான் உறைத்தது. மிஷின் ஊசியின் கையில். முடிவு முதலில் தெரிவது அவருக்கு. “அவர் ஏன் எனக்குப் போன் பண்ணலை?” என்றேன்.

“நான் பண்ணுங்கன்னுதான் சொன்னேன். ‘இதை நீ போய்ச் சொல்லு, மாமாவுக்கு நீ சொன்னாத்தான் நல்லா இருக்கும்’னுட்டார்.”

செப்டம்பர் 21
சாயங்காலம் அவரைக் கடைக்கு வரச் சொன்னேன். கால் அளவை மாலையில்தான் எடுக்க வேண்டும். பகலெல்லாம் நின்ற கால் அப்போதுதான் தன் முழு அளவைக் காட்டும். உட்கார வைத்தேன். முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து ஷூவை நானே கழற்றினேன். குதிகாலில் தோல் உரிந்து உரிந்து காய்ப்பு ஏறியிருந்தது.

“அசையாதீங்க மாப்பிள்ளை.”

காலை அளவுப் பலகையில் வைத்தேன். ஒன்பதரை.

“எட்டரைதான் கொடுத்தேன்,” என்றேன்.

“தெரியும் மாமா.”

“எப்படி?”

“உங்க கண்ணு தப்பவே தப்பாதுன்னு அவ கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கா. அப்ப தப்பினது கண்ணு இல்லைன்னு புரிஞ்சுது.”

“அப்புறம் ஏன் போட்டீங்க?”

“நீங்க கொடுத்தது. கழட்டினா வம்பாயிடும்னு நினைச்சேன். போகப் போகத் தளரும்னும் நினைச்சேன்.” கால் விரல்களை மடக்கி நீட்டினார். “கால் வலிக்கிறவன் கண்ணுல கால்தான் மாமா படும். பஸ்ல, ரோட்ல, எங்க போனாலும் அடுத்தவங்க ஷூவைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். அப்படித்தான் உங்க வாசல்ல பிளேடு போட்ட ஷூ கண்ணுல பட்டுது. சரியான சைஸ் கொடுத்திருந்தீங்கன்னா, நான் பாட்டுக்கு உள்ள போய்ச் சாப்பிட உக்காந்திருப்பேன்.”

 பெட்டி எடுக்கிற சாக்கில் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். ஒன்பதரையைக் கொண்டுவந்து மாட்டி, கயிற்றையும் நானே கட்டினேன்.

“நடந்து காட்டுங்க மாப்பிள்ளை.”

நடந்தார். நொண்டவில்லை.

“பழையது இங்கயே இருக்கட்டும். நான் வெச்சுக்கறேன்.”

“உங்களுக்கு அது பத்தாதே மாமா.”

இரண்டு பேரும் சிரித்ததில் முதலாளி எட்டிப் பார்த்தார்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. மீன் நான்தான் வாங்கப்போகிறேன். நடுத்துண்டு இரண்டையும் ஒரே அளவாக வெட்டச் சொல்ல வேண்டும். பெரியதை அப்படியே விட்டுக்கொடுக்கிற அளவுக்கு நான் இன்னும் குணமாகிவிடவில்லை.