தேனிலவுக்கு ஒரு நீலப் புள்ளி

சனிக்கிழமை, இரவு

தேனிலவுத் திட்டம் இன்று ஒருவழியாக முடிவானது. முதலில் கேமரன் மலையைச் சுற்றிப் பார்ப்பது, பிறகு பங்கோர் தீவில் ஓய்வு. மழையில் மலைச்சாலை சரியுமே என்று பயந்தது நான்தான். உடனே தினேஷ், ஈப்போவில் சாப்பிட்ட கடையிலேயே என் கைப்பேசியை வாங்கி, நான் எங்கே இருந்தாலும் அவருடைய கைப்பேசி வரைபடத்தில் நீலப் புள்ளியாகத் தெரியும்படி செய்து கொடுத்தார்.

"சேஃப்டிக்குத்தான் லா."

அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

கம்பாரில் உள்ள வீட்டுக்கு நான் மட்டும் காரில் திரும்பும் வழியில், சிம்பாங் பூலாயில் கூடப் படித்த பிரகாஷைப் பார்த்தேன். காரை நிறுத்தி இறங்கிக் கல்யாண அழைப்பிதழைக் கொடுத்தேன். அவன் அதைப் பிரிப்பதற்குள் தினேஷ் அழைத்துவிட்டார்.

"ஏன் அங்க நிக்கிற? யாரு கூட?"

பெட்ரோல் போடுகிறேன் என்று பொய் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"பெட்ரோல் ஸ்டேஷன் எதிர்ப்பக்கம்லா இருக்கு" என்றார். குரலில் கோபமே இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். "மாப்பிள்ளைக்கு எவ்ளோ அக்கறை பாரு. அதான் ரெஜிஸ்டர் பண்ணியாச்சே, இனிமே என்ன?" என்றார். கோயிலில் தாலி கட்டுவது அடுத்த மாதம்தான். ஆனால் சட்டப்படி நான் ஏற்கெனவே அவர் மனைவி.

மலைச்சாலை பயம் போய்விட்டது.

எழுத உட்காரும் முன் அந்தப் புள்ளியை அணைத்து வைத்தேன். இப்போது கூடத்தில் அம்மாவின் கைப்பேசி அடிக்கிறது.

"இல்ல மாப்பிள்ளை, முழிச்சுதான் இருக்கா. ரூம்ல லைட்டு எரியுது. இருங்க, குடுக்குறேன்."