சிரித்தபடி உட்கார்ந்த படம்

புயேப்லா,
பிப்ரவரி 8

அன்புள்ள அம்பாரோவுக்கு,

உன் மகனின் ஞானத்தாய் எர்லிந்தா எழுதுவது. நீயும் சிகாகோ குளிரும் சண்டையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், என் கால்களைத் தவிர. இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் செருப்பு மாட்டிவிடுகிறேன். சாயங்காலமானால் என் பாதம் இலை பிரித்த சோளமாவுத் தமால் மாதிரி பொதபொதவென்று வீங்கி எந்தச் செருப்பிலும் நுழைய மறுக்கிறது.

உன் தங்கை சோய்லா எங்கள் செருப்புக் கடையில் மயங்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது உனக்குத் தெரியும். மீதியைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடை ஊழியர் உட்கார நாற்காலி தரவேண்டும் என்று புதுச் சட்டம் வந்ததே, நாங்கள் கேக் வெட்டாத குறைதான். கடையில் பதினாறு நாற்காலி உண்டு, எல்லாம் வாடிக்கையாளருக்கு. எங்களுக்கென்று மேலாளர் தோன் எவரிஸ்தோ நீல மெத்தை வைத்த ஒரே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்தார். "ஒவ்வொருத்தரா உட்காருங்க, நல்லாச் சிரிங்க, போட்டோ எடுக்கணும்" என்றார். நான் ஓடிப்போய் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டேன், வெட்கங்கெட்டவள். சோய்லா சிரிக்கவில்லை. "ஏண்டி, பல் டாக்டர்கிட்டயா உட்கார்ந்திருக்கே? சிரிடி!" என்று அவள் விலாவில் கிச்சுகிச்சு மூட்டியது நான்தான். படத்தில் முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது. அரை மணியில் நாற்காலி வண்டியேறி அடுத்த கிளைக்குப் போனது. அங்கேயும் படம். அந்த நாற்காலி பார்த்த ஊரையெல்லாம் நான் பார்த்ததில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒன்பது மணி நேரம் நின்றவள் விழுந்தாள். இப்போது கம்பெனி என்ன சொல்கிறது தெரியுமா? நாற்காலி இருந்ததாம், அவள்தான் உட்காரவில்லையாம். நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை. அத்தாட்சி அந்தப் படம். த்தூ!

இருபத்தாறாம் தேதி, வியாழக்கிழமை, தொழிலாளர் நீதிமன்றத்தில் விசாரணை. நாற்காலி எப்போதும் இருந்தது என்று சாட்சி சொல்ல தோன் எவரிஸ்தோ என்னைக் கூப்பிட்டிருக்கிறார். "எர்லிந்தா, நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. இனிமே கல்லாவுல உட்கார்ந்துக்கோ" என்று குழைந்தார். அந்த மூஞ்சியில் நான் துப்பியிருக்கவேண்டும். "சரிங்க ஐயா" என்றேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்க்கவே குமட்டியது. அந்தக் குமட்டலோடு மூன்று தட்டு மோலேக் கோழிக்குழம்பு சாப்பிட்டேன் என்பது வேறு விஷயம்.

நேற்று சோய்லாவைப் பார்க்கப் போனேன். படுத்தபடியே, அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியைக் காட்டி, "உட்காருடி, உனக்குக் கால் வலிக்கும்" என்றாள். என்னால் உட்கார முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அம்பாரோ, ஓர் உதவி செய். அந்த வியாழன் காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் போடு. நலமா என்று கேட்காதே. உனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டு. நடந்ததை நடந்தபடி சொல்ல நான் கிளம்பிவிட்டேன் என்று உனக்குத் தெரியும்படி, என் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் உன் காதில் விழும்வரை போனை வைக்காதே.

என் ஞானமகனைக் குவாதலூப்பே மாதா காக்கட்டும். ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்றிய அன்று அவனை ஏந்தியிருந்த கைதான் சோய்லாவுக்குக் கிச்சுகிச்சு மூட்டியது என்று அவனிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

இப்படிக்கு,
எர்லிந்தா