மறுமுனை பிடித்தவள்

என் தங்கப் பேத்திக்குப் பாட்டி எழுதுவது. நான் சுகம். உன் முகமெல்லாம் வீங்கிக் கிடப்பதாக அம்மா சொன்னாள். அழு, ஆனால் வேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பாவைப் பெற்றவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், ஆனாலும் அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உன் அம்மாவின் கல்யாணப் போட்டோவில் என்னைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தினாள். அதில் என் காது மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகு நாங்கள் பேசியதே இல்லை. ஆனால் விசேஷம் முடிந்ததும் அந்தப் பெரிய ஜமக்காளத்தை நாங்கள் இருவரும்தான் மடிப்போம். வாய் திறக்காமலே மூலையும் மூலையும் சேர்ந்துவிடும்.

நேற்று இங்கே நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கையில், "இழுத்துப் பிடிங்க, சம்பந்தியம்மா" என்று சொல்லிவிட்டேன்.

எதிரே நின்ற நம் பாஷைக்காரி, "எனக்குப் பொண்ணே இல்லியே, யாரைக் கட்டிக் குடுத்தேன்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். விரிப்பு கைநழுவி ஈரத்தில் விழுந்தது. சூப்பர்வைசர் முறைத்தார், அவ்வளவுதான்.

ஜமக்காளம் பழசு என்று உன் அத்தை யாருக்கோ கொடுக்கப் பார்க்கிறாளாம். விடாதே. "பாட்டி வந்து பேசிக்குவாங்க" என்று சொல். லீவு கேட்டிருக்கிறேன், தராவிட்டாலும் வருவேன்.

அந்தப் போட்டோவை ஒரு பிரதி எடுத்து அனுப்பு. அதில் சம்பந்தியம்மா முகம் நன்றாக விழுந்திருக்கும்.

மணி அடித்துவிட்டார்கள், வேலைக்குப் போகிறேன். ஜமக்காளத்தை மடிக்காமல் சுருட்டி வை. நான் வந்ததும் அவள் நிற்கும் பக்கத்தில் நீ நில்.