அம்மா கைப்பற்றிய காப்பி வடிகட்டி

பினார் டெல் ரியோ
12 அக்டோபர் 1975

அன்பு மகள் ஒதாலிஸுக்கு,

நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அந்த மின்ஸ்க் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தொப்பியை மறக்காமல் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். உன் கடிதம் போன வாரம் வந்தது. அதில் இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். அம்மா ஏன் இரண்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்பது ஒன்று. பொறியியல் படிக்க வந்தவளுக்கு ஜனவரியில் வரலாற்றுப் பொருள்முதல்வாதத்திலும் பரீட்சை வைக்கிறார்கள், ரஷ்ய மொழியில் ஒன்றும் புரியவில்லை, அப்பா நீங்கள் சுருட்டு ஆலையில் தொழிலாளருக்குத் தினமும் வாசித்துக் காட்டுகிறவராயிற்றே, எளிமையாக எழுதி அனுப்புங்கள் என்பது இன்னொன்று. மகளே, இந்த இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். உன் அப்பாவின் மானம் கொஞ்சம் கப்பலேறும், ஆனாலும் முழுதாகப் படி.

ஜூலையில் எங்கள் சங்கம் ஒரு முடிவு எடுத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாசிக்கும் தொடர்கதையில் அரை மணி நேரத்தை வெட்டி, பொதுவுடைமைத் தத்துவத்துக்கு ஓர் அறிமுகப் புத்தகம் வாசிக்க வேண்டும் என்று. கதையில் ஒரு சீமாட்டி மாடி விளிம்பில் ஒரு கையால் தொங்கிக்கொண்டிருந்த நேரம் அது. முன்னூறு பேர் சுருட்டு உருட்டுகிற கூடத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. முன்வரிசைக் கிழவர் பாசிலியோ, "அந்தப் பொம்பளைய மொதல்ல எறக்கி விட்டுட்டு அப்புறம் உலகத்த மாத்துங்கப்பா" என்று கத்தினார். வாசிப்பது பிடித்தால் எல்லாரும் இலை வெட்டும் அரைவட்டக் கத்தியைப் பலகையில் தட்டுவார்கள், பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் விட்டெறிவார்கள் என்பது உனக்குத் தெரியாததல்ல. முதல் நாள் பதினேழு கத்தி தரையில் விழுந்தது. நான் விடுவேனா, குரலை ஏற்றி இறக்கி, சீமாட்டிக்குக் கொடுத்த அதே உருக்கத்தைத் தத்துவத்துக்கும் கொடுத்து வாசித்தேன்.

அதில் இருந்ததை உனக்குச் சொல்கிறேன். மனிதர் கதையை ராஜாக்களின் பெயரையும் சண்டைகளின் தேதியையும் வைத்துச் சொல்லாதே, மனிதர் சோற்றை எப்படித் தேடினார்கள், எந்தக் கருவியால் தேடினார்கள், அந்தக் கருவி யார் கையில் இருந்தது, இதைப் பார் என்கிறது புத்தகம். ஆதியில் எல்லாரும் சேர்ந்து வேட்டையாடினார்கள், சேர்ந்து தின்றார்கள், மிச்சம் இல்லை, அதனால் மிச்சத்துக்குச் சொந்தக்காரனும் இல்லை. பிறகு விதைக்கக் கற்றார்கள், மிச்சம் வந்தது, வந்ததும் ஒருவன் அதைச் சுற்றி வேலி போட்டான். அங்கிருந்து ஆண்டான் அடிமை, அதன்பின் நிலப்பிரபுவும் நிலத்தோடு கட்டுண்ட குடியானவனும், அதன்பின் ஆலை முதலாளியும் உழைப்பை விற்றுப் பிழைக்கிற நம்மைப் போன்றவர்களும். ஒவ்வொரு கட்டத்திலும் உழைக்கிறவன் ஒருவன், அதன் பலனை எடுத்துக்கொள்கிறவன் வேறொருவன், இருவருக்கும் நடுவில் ஓயாத இழுபறி. சட்டம், பிரசங்கம், பள்ளிப் பாடம் எல்லாம் எடுத்துக்கொள்கிறவனுக்குத் தோதாகத்தான் எழும்புமாம். ஆனால் கருவி வளர்ந்துகொண்டே போகும், எது யாருக்குச் சொந்தம் என்ற ஏற்பாடு வளராது, ஒரு நாள் பிள்ளைக்குச் சின்னதாகிப்போன சட்டை மாதிரி அது கிழியும். கிழிந்த இடத்தில் அடுத்த கட்டம். கடைசியில் கருவி எல்லாருக்கும் பொதுவாகி, வர்க்கம் ஒழிந்து, அரசுகூடத் தேவையற்றுத் தானாக உதிர்ந்துவிடும். இவ்வளவுதான் மகளே. பரீட்சைக்கு இது போதும், நான் விட்டுவிட்ட பெயர்களை மட்டும் நீ சேர்த்துக்கொள்.

இப்போது அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒருவன் உழைக்க இன்னொருவன் உட்கார்ந்து உண்கிறான், உலகம் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று உழைக்கிறவனை நம்பவும் வைக்கிறான் என்ற பகுதிக்கு வந்தேன். மூன்றாவது வரிசையில், உன் அம்மா உட்கார்ந்து சுருட்டு உருட்டும் பெண்கள் பக்கம் கத்திகள் படபடவென்று தட்ட ஆரம்பித்தன. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எழுந்து நின்று குனிந்து வணங்கி, அதே பகுதியை இன்னும் கம்பீரமாக இரண்டாம் முறை வாசித்தேன். கூரை அதிர்ந்தது. சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, பார்த்தாயா ஒஃபெலியா, தத்துவத்துக்கே கத்தி தட்ட வைத்துவிட்டேன் என்று பீற்றிக்கொண்டேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "அது உங்க குரலுக்குத் தட்டல. நீங்க வாசிக்க வாசிக்க, பக்கத்துல உக்காந்திருக்கிற துல்சேகிட்ட, இது எங்க வீட்டுக்காரரப் பத்தித்தான் எழுதியிருக்குன்னேன். அவ அடுத்தவகிட்ட சொன்னா. வரிசையே சிரிச்சுது. நீங்க எந்திரிச்சுக் கும்பிட்டீங்க பாருங்க, அப்பத்தான் எனக்குச் சிரிப்பு அடங்கல." முப்பது வருஷமாக அந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒரு வணக்கம் எந்த வாசிப்பாளனும் போட்டிருக்க மாட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், அடுப்படி உன் ராஜ்ஜியம்தானே என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "தோழரே" என்றாள். கட்டிய புருஷனைத் தோழரே என்று அழைத்தால் வீட்டில் என்ன நிலவரம் என்று உனக்குத் தெரியும். "ரெண்டு பேரும் ஒரே மணிக்குப் போறோம், ஒரே மணிக்கு வர்றோம். வந்ததும் ஒருத்தருக்கு நாற்காலி, ஒருத்தருக்கு அடுப்பு. மார்ச்சுல வந்த குடும்பச் சட்டத்துல வீட்டு வேலை ரெண்டு பேருக்கும் பொதுன்னு இருக்கு, அத மேடையில கண்ணுல தண்ணி வர வாசிச்சது யாரு? அரசு உதிர்ந்து போறது இருக்கட்டும், இந்தப் பாத்திரம் எந்தக் கட்டத்துல தோழரே உதிரும்?" என்றாள். மறுநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், பானையும் இல்லை, காப்பி வடிகட்டும் துணிப்பையும் இல்லை. உற்பத்திக் கருவிகளைக் கைப்பற்றி துல்சே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அவளுக்குச் சாப்பாடு ஆலைச் சாப்பாட்டுக்கூடத்தில், படுக்கை வீட்டிலேயே உன் அறையில். என்னோடு பேச்சு அடியோடு நின்றது. உறவுக்காரர்களுக்கும் உனக்கும் கடிதம் எழுதுவதும் இத்தனை காலம் தன் தலையில் விழுந்த வேலைதான், இனி அவரே எழுதட்டும் என்று துல்சே மூலம் சொல்லி அனுப்பினாள். உனக்கு அவள் கடிதம் வராத காரணம் இதுதான்.

என் வரலாறு அதன்பின் முதல் கட்டத்திலிருந்து தொடங்கியது. ஒரு வாரம் கொல்லைக் கொய்யாவைப் பறித்து நின்றபடியே தின்றேன். பிறகு இரவல் சட்டியில் கறுப்பு பீன்ஸ் போட்டேன், முந்தின நாளே ஊறவைக்க வேண்டும் என்பது யாருக்குத் தெரியும், கூழாங்கல்லாகவே வெந்தது. ஆலைக்குக் கொண்டுபோனேன். பாசிலியோ ஒன்றைக் கடித்துப் பார்த்து, "எவெலியோ, நீ இன்னும் கற்காலத்துலதான் இருக்க, இத வெச்சு மான் அடிக்கலாம்டா" என்றார். கூடமே கத்தி தட்டியது. அம்மா மட்டும் தலை நிமிரவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது மகளே. கல்யாணம் ஆகி இருபத்து மூன்று வருஷத்தில் அவள் எனக்காக ஒரு முறைகூடத் தனியாகக் கத்தி தட்டியதில்லை. நானும் அதைக் கவனித்ததில்லை.

வீடு வெறிச்சென்று இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமுவது கேட்கும், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக்கூட நாக்கு எழாது. இருபது நாள் போனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லையில் அவள் ஊறப்போட்டிருந்த வேலைச் சட்டையை எடுத்துத் துவைக்க உட்கார்ந்தேன். புகையிலைக் கறை போகவே இல்லை. ஒரு மணி நேரம் தேய்த்தேன், விரல் தோல் உரிந்தது, கறை அப்படியே இருந்தது. என் சட்டையிலும் எத்தனையோ கறை பட்டிருக்கும், ஆனால் ஒரு நாளும் அதைக் கறையோடு நான் போட்டதில்லை. என் சட்டை அழுக்கே ஆகாது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுதேன் என்று சொல்ல மாட்டேன், சோப்பு கண்ணில் பட்டது.

மறுநாளே பீன்ஸை ஒழுங்காக ஊறவைக்கத் தொடங்கினேன். வீடு கூட்டினேன், துவைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் அப்படிப் போனது. போன வியாழக்கிழமை மேடை ஏறியவன் புத்தகத்தை மூடி வைத்தேன். "ஆகஸ்டுல ஒரு பகுதி வாசிச்சுட்டு எந்திரிச்சுக் கும்பிட்டேன், ஞாபகம் இருக்கா? அதுல வர்ற ஆள் நான்தான். அன்னிக்குப் புரியாம வாசிச்சேன். இப்ப மறுபடி வாசிக்கிறேன்" என்றேன். குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை, இருந்தபடி வாசித்தேன். முடித்தபோது ஒரு கத்திகூட அசையவில்லை. ஆண்கள் சிலர் இருமிக்கொண்டு இலையை ஆராய்ந்தார்கள். என் பிழைப்பு இன்றோடு போச்சு என்று நினைத்தேன். அப்புறம் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கத்தி, மெதுவாக, தட், தட், தட். நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கூடம் முழுக்கக் கேட்கிறமாதிரி அம்மாவின் குரல் மட்டும் வந்தது: "இது வாசிச்சதுக்கு. ஞாயித்துக்கிழமைப் பாத்திரம் இன்னும் பாக்கி இருக்கு." பிறகு முன்னூறு கத்தியும் தட்டின, ஆனால் அதெல்லாம் எனக்குக் காதில் விழவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் காப்பித் துணிப்பை திரும்பி வந்திருந்தது, ஆனால் பழைய ஆணியில் இல்லை. புதிதாக ஓர் ஆணி அடித்து, என் கைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டியிருந்தாள். உன் அறையும் காலியாகிவிட்டது, நீ வரும்போது உன் கட்டில் உனக்குத்தான்.

நீ நன்றாகப் படித்து, நோய்நொடி இல்லாமல், எங்கள் இருவர் ஆசியோடும் நீடூழி வாழ். பரீட்சையில் உதாரணம் கேட்டால் ரஷ்யக் குடியானவனையே எழுது, உன் அப்பாவை எழுதிவிடாதே. கம்பளித் தொப்பியை மறக்காதே. அங்கே யாரையாவது கட்டிக்கொள்ள நினைத்தால், அவனுக்குப் பீன்ஸ் ஊறவைக்கத் தெரியுமா என்று முதலில் கேள். அடுப்பில் காப்பி கொதிக்கிறது, இன்று என் முறை, நிறுத்துகிறேன்.

என்றும் உன் அன்பு அப்பா,
எவெலியோ

மகளே, இவர் அந்தப் பக்கம் போன நேரத்தில் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். சட்டையைத் தேய்த்தது ஒரு மணி நேரம் இல்லை, கால் மணி, ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சோப்பும் கண்ணில் படவில்லை. மற்றபடி வரலாறு சரியாகத்தான் இருக்கிறது. அம்மா.